மூன்று கேன் செம்புத் தண்ணீர்

மார்த்தாண்டம் பார்சல் ஆபீசில் மூன்று கேன்களையும் இறக்கி வைத்த லோடுமேன், ஒன்றைச் சாய்த்து வெயிலில் பார்த்துவிட்டு, "இது என்ன டீச்சர், சர்பத்தா?" என்று கேட்டார். சர்பத்தேதான், ஆனால் குடித்துவிட வேண்டாம் என்றேன். அவர் கேனை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இளம் பச்சையும் நீலமும் கலந்த அந்தத் தண்ணீர், வேறு மாநிலத்தில் எப்போதோ மூடிப்போன செம்புச் சுரங்கத்தின் குழியில் தேங்கிக் கிடந்தது. செம்பும் இரும்பும் கரைந்து புளித்துப்போன தண்ணீர். என் ஆராய்ச்சி வழிகாட்டி தன்னுடைய நண்பரிடம் சொல்லி வரவழைத்துத் தந்தார். இன்னொரு முறை கிடைக்காது, குழியை மண் போட்டு மூடப்போகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வாய்த்தது அந்த மூன்று கேன்கள்தான்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக அதே வகுப்பு, அதே கரும்பலகை. முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்து, இரண்டு முறை கால நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. மே மாதத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை வருகிற ஜூனிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரியும் எழுத்தில் கொடுத்துவிட்டது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்கும் முதல் கேள்வி, "கெடச்சா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பது அதற்கு அப்புறம்தான். மே மாதத்துக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஒரு பிள்ளை பெறுகிற காலம், போதும் என்று நினைத்தேன்.

என் ஆராய்ச்சி இதுதான்: சுரங்கத்துக் கழிவுநீரில் கரைந்து கிடக்கிற உலோகத்தை ஏதாவது ஒரு செடியின் சாறைக் கொண்டு பிரித்தெடுப்பது. எந்தச் செடி என்று முடிவு செய்யவே எனக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. முருங்கை விதை என்றால் உலகமே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. புளியங்கொட்டை, வாழைத்தண்டு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. தினமும் கல்லூரிக்குப் போகிற பேருந்து ஓர் அண்டியாபீசைத் தாண்டித்தான் போகும். முந்திரிப்பருப்பு உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோலை உரித்து வாசலில் ஒரு குவியலாகப் போட்டிருப்பார்கள். மழை பெய்தால் அதிலிருந்து செந்நிறத் தண்ணீர் சாலைக்கு வழியும். ஒரு நாள் பஸ் அங்கே நின்றபோது, வழிந்து வந்த அந்தத் தண்ணீர் சாக்கடை மூடியின் இரும்புக் கம்பியில் பட்ட இடமெல்லாம் கன்னங்கரேலென்று இருந்ததைப் பார்த்தேன். துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்திருக்கிறது. இரும்பைப் பிடிப்பது செம்பைப் பிடிக்காதா என்று தோன்றிய அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வழிகாட்டிக்கும் பிடித்துப்போயிற்று. நாகர்கோவிலில் இருந்த அவர் அதிகம் பேச மாட்டார். "புதுசா இருக்கு, செய்யுங்க மேடம்" என்று சொன்னதே அவர் அளவில் ஒரு சொற்பொழிவு.

அண்டியாபீசில் தோல் உரிக்கிற வேலையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி இருந்தாள். ஒரே சர்ச், ஒரே ஓய்வுநாள் பள்ளி. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். சின்ன வயதில் "ஏட்டி" என்று கூப்பிட்டவள், நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் ஒரு சாக்குப்பை நிறையத் தோல் கட்டி வைத்திருப்பாள்.

தோலைப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அது நடக்காது. நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கண்ணாடிப் பாத்திரங்களை வெளியே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். வீட்டில் அலுமினியப் பாத்திரத்தில் ஊறப்போட்டேன். பாத்திரம் கறுத்தது, சாறு கெட்டுப்போய் நாறியது. அதைச் சொன்னதும் அக்கா, "மண்ணு பாத்திரத்துல போடுங்க, குளுந்து கெடக்கும்" என்று ஒரு பழைய கலயத்தைக் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய தம்பி இன்றைக்கும் பனை ஏறுகிறவன். பதனீர், எங்கள் பேச்சில் அக்கானி, இறக்கிக் கழித்துப்போட்ட கலயம் அது.

அக்கானிக் கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் இறங்குவது பதனீராக இருக்காது, கள்ளாகிவிடும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் தேங்காய்ச் சவுரி நாரும் வெந்நீரும் போட்டு எட்டு முறை தேய்த்துக் கழுவினேன். எட்டாவது முறை கொட்டிய தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. போதும் என்று நினைத்தேன். ஒரு வேதியியல் ஆசிரியை கண்ணால் பார்த்து முடிவு செய்தாள் என்பதை இங்கே எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் சோதனையே பலித்தது. கலயத்தில் ஊறிய சாறு கடுங்காப்பியைப் போலக் கறுத்து, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அதை ஒரு பீக்கர் சுரங்கத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினேன். சிறிது நேரத்தில் பழுப்பு நிறத்தில் துளித்துளியாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, அடியில் படிந்தது. மேலே நின்றது இளநீர் போலத் தெளிந்த தண்ணீர். அதில் அம்மோனியா விட்டுப் பார்த்தேன். செம்பு இருந்தால் நீலம் அடிக்கும். நீலம் அடிக்கவில்லை. இன்னொரு கல்லூரியில் இருக்கிற கருவிக்குப் புட்டியில் அனுப்பினேன். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகம் போய்விட்டது என்று பதில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய், யாரும் இல்லாத சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். 'எந்தப் பாத்திரத்தில் ஊறவைக்கப்பட்டது' என்ற இடம் வந்தது. ஆங்கிலத்தில் கலயம் என்று எப்படி எழுதுவது என்று யோசித்தேன். படித்திருந்த கட்டுரைகளில் எல்லோரும் கண்ணாடி பீக்கர் என்றுதான் எழுதியிருந்தார்கள். நானும் கண்ணாடி பீக்கர் என்று எழுதினேன். மொழிதான் காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொழி காரணமில்லை. என் அப்பா பனையேறி. அதைக் கல்லூரியில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் விவசாயம் என்று சொல்லியிருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கலயம் வந்து உட்கார்ந்தால், அதன் பின்னாலேயே அப்பாவும் வந்துவிடுவார் என்று ஏதோ ஒரு பயம். எனக்கு அப்பாமேல் மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் அப்படித்தான் எழுதினேன்.

இன்னொன்றும் எழுதினேன். தோல்சாறு சாதாரணமாகப் புளிப்புத் தன்மையோடு இருக்க வேண்டும். என் சாற்றில் லிட்மஸ் தாளை நனைத்தால் புளிப்பே காட்டவில்லை. எங்கள் ஊர் முந்திரித் தோலின் தனிச்சிறப்பு என்று அதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கினேன். வழிகாட்டி அந்தப் பத்தியின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதித் தந்தார்.

இரண்டாவது கேனைத் திறந்தபோது குழப்பம் தொடங்கியது. அதே தோல், அதே தண்ணீர், அதே அளவு, ஆனால் அடியில் படிவது குறைந்துகொண்டே வந்தது. முதலில் முக்கால் பங்கு, பிறகு பாதி, பிறகு கால். மழைக்காலம் என்பதால் தோல் நனைந்திருக்கும் என்று நினைத்து வெயிலில் உலர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்டியாபீசில் கொட்டையை வறுப்பதை நிறுத்திவிட்டு ஆவியில் வேகவைக்கிறார்கள் என்று அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதுதான் காரணம் என்று குதித்தேன். பழைய முறையில் வறுக்கிற இன்னோர் ஆலையைத் தேடித் தேங்காய்ப்பட்டணம் சாலையில் ஒரு முழு சனிக்கிழமை அலைந்து ஒரு பை வாங்கி வந்தேன். அதுவும் செம்பை எடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை மாற்றினேன். காய்ச்சி வடித்த நீர் ஊற்றினேன். ஊறும் நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் 'ஏன்' என்று எழுதி அடிக்கோடு போட்ட பக்கங்கள் மட்டுமே ஏழெட்டு இருக்கும். என் கைராசியே போய்விட்டது என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன். வகுப்பில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்கிற ஆள் நான். ஆய்வுக்கூடத்துக்குள் வலது காலை வைத்து நுழைந்த நாட்களும் இருந்தன.

கிறிஸ்துமஸ் லீவில் கலயம் விரிசல் விட்டது. அக்கா இன்னொன்று தந்தாள். அதையும் எட்டு முறை கழுவினேன். அன்றைக்கே புதுச் சாக்குத் தோலும் வந்திருந்தது. ஊறவைத்து ஊற்றினால், பழையபடி மளமளவென்று திரண்டு படிந்தது. எனக்கு உயிர் வந்தது. எல்லாப் புகழையும் புதுச் சாக்குக்குக் கொடுத்தேன். பழைய சாக்குகளில் ஏதோ பூஞ்சை இருந்திருக்கிறது என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதினேன். கலயமும் அன்றைக்குத்தான் மாறியது என்பது என் கண்ணில் படவே இல்லை. அது ஆராய்ச்சியில் சேர்த்தியே இல்லாத பொருள். காகிதத்தில்தான் கண்ணாடி என்று எழுதியாயிற்றே. எழுதியதை நானே நம்பிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் மாதம் வழிகாட்டி போன் செய்தார். ஒப்படைப்பதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்பது அவர் வழக்கம். என்னிடமிருந்து கொஞ்சம் தோலும் சுரங்கத் தண்ணீரும் வாங்கித் தன் ஆய்வுக்கூடத்து மாணவி ஒருத்தியிடம் கொடுத்திருந்தார்.

"மேடம், இங்க எடுக்கவே மாட்டேங்கே. மூணு வாட்டி பாத்தாச்சு, நீங்க தந்த தண்ணியும் தீந்துட்டு. தண்ணி கறுக்குது, அவ்வளவுதான். ஒண்ணும் படியல்ல."

"எனக்கு எடுக்கு ஸார்."

"அதான் எனக்குப் பிடிபடல்ல" என்றார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. வாற வியாழக்கிழமை நான் அங்க வாறேன். என் கண்ணு முன்னால ஒருதடவை எடுத்துக் காட்டுங்க. அங்கயே கையெழுத்து போட்டுத் தந்துருதேன்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? நான் அளவுகளை இட்டுக்கட்டிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். பதினெட்டு வருஷத்தில் ஒரு மாணவனின் ரெக்கார்ட் நோட்டில்கூடப் பொய்க் கணக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. எனக்கு எடுக்கிறது, அவர்களுக்கு எடுக்கவில்லை. இரண்டும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

மூன்றாவது கேனின் அடியில் நான்கு பீக்கர் அளவுத் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு பீக்கர் போதும் வியாழக்கிழமைக்கு. மீதி மூன்றும், ஒருவேளை ஏதாவது தவறிப்போனால், இன்னும் மூன்று நாட்களுக்குக் கைவசம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் விடுப்பு போட்டுவிட்டு அண்டியாபீசுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். அக்கா வாசல் மரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் தோல்கறையில் கறுத்திருந்தன. தோலில் என்ன மாற்றம், வேறு ஊர்க் கொட்டையா, எண்ணெய் ஏதும் தடவுகிறார்களா என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றாள்.

"நாகர்கோவில்ல எடுக்கலக்கா. நம்ம தோலுதான். இங்க எடுக்கு."

"அவங்க எதுல ஊறப்போட்டாங்க?"

"கண்ணாடியில."

"அப்ப கலயத்துல போடல்ல." ஒரு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டாள். "பழைய கலயமும் கடைசியில பலிக்காமத்தானே போச்சு. சுண்ணாம்பு தீந்துபோயிருக்கும்."

"சுண்ணாம்பா? நான் எட்டு தடவை கழுவினேன்."

"கழுவினா போவுமா டீச்சர்? அது மண்ணுக்குள்ள எறங்கிக் கெடக்கும். வருஷக்கணக்கா தேச்சதுலா. புளிச்சதை ஊத்தினா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும்." சட்டென்று சிரித்தாள். "ஏட்டி, உனக்கு அறியாதா? உங்க அப்பாவுக்கு நீதானே தினமும் கலயத்துக்குச் சுண்ணாம்பு தேச்சுக் குடுப்ப. உன் கை வெந்து கெடக்கும்."

அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போகும் முன்னால் என் வேலை அதுதான். சுண்ணாம்பு பட்டு விரலிடுக்கில் தோல் உரியும். அதைத் தோழிகள் பார்க்காமலிருக்கக் கையை மடக்கி வைத்துக்கொள்வேன். முதலாமாண்டு வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் அமிலமும் காரமும் நடத்தும்போது, பதனீரில் சுண்ணாம்பு ஏன் என்று விளக்குகிற இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பாடத்தை நான் நன்றாக நடத்துகிறேன் என்று பெயரே உண்டு. சுண்ணாம்பு விழுந்தால் அமிலத் தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பும் செம்பும் திரண்டு அடியில் படியும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் ஏழு மாதமாக நான் கண்டுபிடித்தது சுண்ணாம்பையா?

"நீ ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க அறிஞ்சுதான் செய்யிறியன்னுலா நெனச்சேன். இதெல்லாம் படிச்சவங்களுக்கு அறியாம இருக்குமா?"

அவள் மேல் எரிச்சல் வந்தது. அநியாயமான எரிச்சல்தான். தோலை வாங்கிக்கொள்ளாமலே திரும்பி வந்தேன். பிறகு பாதி வழியில் இறங்கி, திரும்பிப் போய் வாங்கி வந்தேன்.

அன்று மாலை கலயத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தோல் இல்லை, ஒன்றும் இல்லை. புதன்கிழமை காலையில் நன்றாகக் கலக்கிவிட்டுச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். தாள் நீலமாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஆனாலும் மனது விடவில்லை. சுண்ணாம்பு மட்டும்தானா, அல்லது தோலும் கொஞ்சம் வேலை செய்திருக்குமா? பாதிப் பாதியாக இருக்கலாமே. ஒருவேளை இரண்டும் சேர்ந்தால்தான் அப்படித் திரளுமோ என்னவோ. அப்படியிருந்தால் நான் பொய் சொன்னவள் இல்லை, பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னவள். அதை ஒரு வரி திருத்தினால் போதும். திருத்தினால் ஏன் முதலில் மறைத்தாய் என்ற கேள்வி வரும். வரட்டும். இல்லை, வர வேண்டாம். வியாழக்கிழமை ஒரு பீக்கர், கலயத்துச் சாறு, தெளிந்த தண்ணீர், ஒரு கையெழுத்து, மே மாதம், ஜூன் மாதச் சம்பளம். யாருக்கு என்ன நஷ்டம்? உலகத்தில் எந்தச் சுரங்கக்காரன் என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு அண்டித்தோல் தேடி வரப்போகிறான்? இப்படியே மாறி மாறி ஓடியது. சிந்தித்துச் சிந்தித்து மதியம் வகுப்பில் ஒரு சமன்பாட்டை இடமும் வலமும் மாற்றி எழுதிவிட்டேன். பிள்ளைகள் அதைத் திருத்தினார்கள்.

புதன் மாலை மூன்று சாறு தயார் செய்தேன். ஒன்று கலயத்தில் ஊறிய தோல். இன்னொன்று ஆய்வுக்கூடத்துக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கண்ணாடி பீக்கரில் ஊறிய தோல். மூன்றாவது, கலயத்திலிருந்து காலையிலேயே புட்டியில் எடுத்து வைத்த வெறும் தண்ணீர். மூன்றையும் கொண்டுபோவது என்றுதான் முடிவு, காட்டுவது எதை என்று முடிவு செய்யவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வழிகாட்டி வந்தார். டீ குடித்தார். மலைப்பக்கம் மழை உண்டா என்று கேட்டார். மேசைமேல் ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதி இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் நானே காகிதம் செருகி வைத்திருந்தேன். கேனைச் சாய்த்து முதல் பீக்கரில் தண்ணீர் ஊற்றி, கலயத்துச் சாற்றைக் கலக்கினேன். பழுப்பாகத் திரண்டு, மெல்லப் படிந்தது. மேலே தெளிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எடுக்குதே" என்றார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. என்னைச் சந்தேகப்பட்டதற்கான வருத்தமும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் நான் கேனை மறுபடியும் சாய்த்தேன். இரண்டாவது பீக்கர், மூன்றாவது பீக்கர், நான்காவது பீக்கர். கேன் காலியாகி, கடைசி மடக்கு களக்களக்கென்று விழுந்தது. இரண்டாவதில் கண்ணாடியில் ஊறிய சாற்றை ஊற்றினேன். தண்ணீர் மை மாதிரி கறுத்துப்போய் அப்படியே நின்றது, ஒன்றும் படியவில்லை. மூன்றாவதில் தோலே படாத கலயத்துத் தண்ணீரை ஊற்றினேன். அது திரண்டது. முதலாவதைவிட நன்றாகவே திரண்டு படிந்தது. நான்காவதில் அதே அளவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே நீலமாக நின்றது.

வழிகாட்டி நான்கையும் வரிசையாகப் பார்த்தார். அப்புறம் மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுல என்ன ஊத்தினீங்க?"

"சும்மா தண்ணி ஸார். அக்கானிக் கலயத்துல வெச்சிருந்தது. சுண்ணாம்பு."

"நீங்க கண்ணாடின்னுலா எழுதியிருக்கீங்க?"

"கலயம்னு எழுத வெக்கமா இருந்து ஸார். எங்க அப்பா பனையேறி."

கேட்ட கேள்விக்கு இரண்டாவது வாக்கியம் பதிலே இல்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.  கெட்ட மனுஷர் இல்லை அவர். என் ஏழு வருஷமும் அவருக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

"இதை நீங்க எனக்குக் காட்டாம இருந்திருக்கலாம்" என்றார்.

"ஆமா ஸார்."

"ஒண்ணு செய்வோம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு நான் வரல்லன்னு வெச்சுக்கிடுங்க. நாளைக்கு வாறேன். அந்த முதல் பீக்கரை மட்டும் எடுத்துக் காட்டுங்க. நான் வேற ஒண்ணும் பாக்கல்ல."

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது நன்றிதான், அதை மறைக்க விரும்பவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"நாளைக்குத் தண்ணி இல்ல ஸார்" என்றேன். "எல்லாத்துலயும் ஊத்திக் கலக்கிட்டேன்."

அவர் குனிந்து காலிக் கேனைப் பார்த்தார். நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார் போலும், தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த மே மாதம் பதிவு ரத்தாயிற்று. ஜூனிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். தோலுக்கு அதில் பங்கே இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது, சோதிக்கத் தண்ணீர் இல்லை. அந்தத் தோள் தட்டலுக்கு மட்டும் நான் தகுதியானவள் இல்லை. கேனில் ஒரே ஒரு பீக்கர் மிச்சம் இருந்திருந்தாலும், மறுநாள் காலையில் நான் கலயத்தை எடுத்திருப்பேன்.